கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கு எச்.ஐ.வி. மருந்துப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராமச் சுகாதார நிலையங்களில் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. வைரஸை அடக்கி வைக்கும் கூட்டு மருந்து) வழங்கும் செவிலியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பயிற்சி நடத்துவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இங்குள்ள மருந்தளவுகள் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஒட்டியவை. உங்கள் நாட்டு வழிகாட்டி வேறு அளவு சொன்னால் அதையே சொல்லிக் கொடுங்கள். ஒரே வகுப்பில் இரண்டு விதமான அளவு காதில் விழுந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

மருத்துவர் இல்லாத இடத்தில் செவிலியரோ களப்பணியாளரோ ஏ.ஆர்.டி. கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பயிற்சி பெற்ற செவிலியரும் மகப்பேறு செவிலியரும் முதல் வரிசை மருந்தை (புதியவர்களுக்கு முதலில் கொடுப்பதை) தொடங்கலாம், தொடர்ந்து வழங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்தது. பயிற்சி பெற்ற சமூகச் சுகாதாரப் பணியாளர் இரண்டு மருத்துவமனை வருகைகளுக்கு நடுவே மருந்து வழங்கலாம் என்பதும் அதே பரிந்துரையில் இருக்கிறது.

எது யார் கையில் என்ற எல்லைக் கோடுதான் முக்கியம். பயிற்சியின் முதல் நாளே ஒரு தாளில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: தானே செய்யலாம், தொலைபேசியில் கேட்டுச் செய்யலாம், உடனே அனுப்ப வேண்டும். நிலையாக இருப்பவருக்கு அடுத்த மூன்று மாத மருந்து கொடுப்பது முதல் பத்தி. புதிதாக வலிப்பு மருந்து எழுதப்பட்டவர் வந்தால் இரண்டாவது. காய்ச்சலோடு தலைவலியும் கழுத்து விறைப்பும் இருந்தால் மூன்றாவது. பயிற்சி முடியும்வரை ஒவ்வொரு பாடத்திலிருந்தும் இந்தத் தாளில் வரிகள் ஏறிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் அது மருந்து அலமாரியின் கதவில் ஒட்டப்படும் தாளாகும், மேலே கேட்க வேண்டியவரின் தொலைபேசி எண்ணோடு.

பயிற்சியை எதில் தொடங்குவது?

வைரஸ் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்ற படத்தில் தொடங்க வேண்டாம். அரை நாள் அதிலேயே போய்விடும். மருந்தை மாற்றிக் கொடுக்கும் தவறு ஒன்றைக்கூட அந்தப் படம் தடுக்காது.

மேசையில் ஒரு மருந்து டப்பாவை வைத்துத் தொடங்குங்கள். ஒவ்வொருவரும் கையில் எடுத்து, அதில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிக்கட்டும்: மூன்று மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றின் மில்லிகிராம், டப்பாவில் 30 மாத்திரையா 90 மாத்திரையா, தொகுதி எண், காலாவதித் தேதி. மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைக் காட்டுங்கள். அது மருந்தல்ல, தின்னக் கூடாது, தூக்கி எறியவும் கூடாது என்று நோயாளிக்கு எப்படிச் சொல்வார்கள் என்று கேளுங்கள். இந்த ஒரு டப்பாவிலேயே ஒரு மணி நேரத்துக்கான பாடம் இருக்கிறது.

மாத்திரையின் நிறத்தையோ டப்பாவின் நிறத்தையோ அடையாளமாகச் சொல்லித் தராதீர்கள். தயாரிப்பாளர் மாறினால் நிறமும் மாறும். போன மாதம் வெள்ளையாக வந்தது இந்த மாதம் வேறு நிறத்தில் வரலாம். பெயரும் மில்லிகிராமும்தான் அடையாளம்.

இப்போது பெரும்பாலும் கொடுக்கப்படும் மருந்து எது?

பெரியவர்களுக்கும் 30 கிலோவும் அதற்கு மேலும் உள்ள வளரிளம் பருவத்தினருக்கும் டி.எல்.டி.: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எடுக்கலாம். தூக்கம் கெடுகிறது என்பவர்கள் காலையில் எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதற்கு முன் இருந்த டி.எல்.ஈ. மாத்திரையில் முதல் இரண்டும் அதே மருந்துகள், மூன்றாவது மட்டும் எஃபாவிரென்ஸ். பெயரில் ஓர் எழுத்துதான் வேறு. கிட்டங்கியில் இரண்டும் இருந்தால் வேறு வேறு தட்டில் வையுங்கள். பதிவேட்டில் சுருக்கெழுத்து எழுதும் பழக்கத்தையும் பயிற்சியிலேயே நிறுத்த வேண்டும். ஏ.இஸட்.டி. என்று எழுதினால் சிடோவுடின், அசித்ரோமைசின், அசதியோபிரின் என்று மூன்றில் எதுவாகவும் படிக்கப்படலாம். லாமிவுடினும் வலிப்புக்கான லாமோட்ரிஜினும் எழுத்தில் ஒன்று போலவே தெரியும்.

தவறுகள் எங்கே அதிகம் நடக்கின்றன?

வருடக்கணக்கில் அதே மருந்தை அதே இடத்தில் வாங்குபவரிடம் தவறு நடப்பது அரிது. ஏதாவது ஒன்று மாறும்போதுதான் நடக்கிறது. பயிற்சி நேரத்தில் பாதியை இந்த மாறும் கட்டங்களுக்கே ஒதுக்கலாம் என்பது எங்கள் கருத்து.

மருந்து மாற்றப்படும் நாள் முதலாவது. டி.எல்.ஈ.யிலிருந்து டி.எல்.டி.க்கு மாற்றியவர் வீட்டில் பழைய டப்பாவில் இருபது மாத்திரை மீதமிருக்கும். வீணாக்க மனமில்லாமல் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டையும் எடுப்பார். டெனோஃபோவிர் இரண்டு மடங்காகிச் சிறுநீரகத்துக்குச் சுமை ஏறும். எனவே மாற்றும் நாளில் பழைய டப்பாவைக் கொண்டுவரச் சொல்லித் திரும்பப் பெற வேண்டும். கொண்டுவர மறந்திருந்தால் "பழையதை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, பதிலை அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும்.

இன்னொன்று, வேறு மையத்திலிருந்து மாறி வருபவர். கடிதத்தில் ஒரு மருந்து இருக்கும், பையில் வேறொன்று இருக்கும். இரண்டையும் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. பொருந்தவில்லையென்றால் பழைய மையத்துக்குத் தொலைபேசி.

காசநோய் மருந்து சேர்வது, குழந்தையின் எடை கூடுவது, கர்ப்பம், புதிதாகச் சர்க்கரை மருந்தோ வலிப்பு மருந்தோ எழுதப்படுவது ஆகியவையும் மாறும் கட்டங்களே. ஒவ்வொரு வருகையிலும் ஒரே கேள்வியைக் கேட்கப் பழக்குங்கள்: "போன தடவை வந்ததற்குப் பிறகு புதிதாக எந்த மாத்திரையாவது, சத்து மாத்திரை உட்பட, ஆரம்பித்தீர்களா?" "வேறு மருந்து எடுக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். சத்து மாத்திரையையும் வயிற்றெரிச்சல் மருந்தையும் யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

காசநோய் மருந்தோடு டி.எல்.டி. எடுப்பவருக்கு என்ன மாற வேண்டும்?

காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, டோலுடெக்ராவிரை வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தால் வைரஸ் மறுபடி பெருகும். அதனால் டோலுடெக்ராவிர் மட்டும் இரண்டு வேளை தேவை: காலையில் வழக்கமான டி.எல்.டி., 12 மணி நேரம் கழித்துத் தனியாக டோலுடெக்ராவிர் 50 மி.கி. மாத்திரை ஒன்று. இரவிலும் டி.எல்.டி.யையே கொடுத்துவிடக் கூடாது.

ரிஃபாம்பிசின் முடிந்த அன்றே கூடுதல் மாத்திரையை நிறுத்துவது பரவலாக நடக்கும் தவறு. நொதியின் வேகம் தணிய நாளாகும். ஆகவே இன்னும் 2 வாரம் தொடர வேண்டும். பதிவேட்டில் "ரிஃபாம்பிசின் முடியும் தேதி", "இரவு மாத்திரை முடியும் தேதி" என்று இரண்டு தேதிகளையும் காசநோய் மருந்து தொடங்கும் நாளிலேயே எழுதி வைத்தால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

காசநோய் மருந்து ஒரு மேசையிலும் ஏ.ஆர்.டி. இன்னொரு மேசையிலும் வழங்கப்படும் இடங்களில், காசநோய் அட்டையில் எச்.ஐ.வி. மருந்தின் பெயரும் ஏ.ஆர்.டி. அட்டையில் ரிஃபாம்பிசினும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மேசையில் நடப்பது மற்றதற்குத் தெரியாமல் போனால்தான் இரவு மாத்திரை விட்டுப்போகிறது.

பெரியவர்களிடம் ஒவ்வொரு வருகையிலும் கேட்க வேண்டிய நான்கு அறிகுறிகள்: இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை. நான்கும் இல்லையென்றால் காசநோய்த் தடுப்பு மருந்துக்குத் தகுதியா என்று பார்க்கலாம். தடுப்பு மருந்தாக ஐசோனியாசிட் கொடுத்தால் கூடவே பைரிடாக்சினும் (வைட்டமின் பி6) போக வேண்டும். இல்லாவிட்டால் பாதங்களில் எரிச்சலும் மரமரப்பும் வரும்.

வேறு எந்த மருந்துகள் டோலுடெக்ராவிரோடு மோதும்?

இரும்பு, கால்சியம், அலுமினியம் அல்லது மக்னீசியம் உள்ள வயிற்றெரிச்சல் மருந்து: இவை குடலில் டோலுடெக்ராவிரோடு ஒட்டிக்கொண்டு அதை ரத்தத்தில் சேரவிடாமல் செய்யும். டோலுடெக்ராவிரை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் மட்டும் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே நேரத்தில் எடுக்கலாம். வயிற்றெரிச்சல் மருந்துக்கு அந்தச் சலுகை இல்லை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இரும்புச்சத்து மாத்திரை எழுதப்படுவதால் இந்தப் பாடம் மகப்பேறு செவிலியருக்குக் கட்டாயம்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு அதன் அளவு நாளொன்றுக்கு 1000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. டோலுடெக்ராவிர் மெட்ஃபார்மினை உடலில் தேங்க வைக்கும். வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டால் மூன்றும் ரிஃபாம்பிசினைப் போலவே டோலுடெக்ராவிரைக் குறைக்கும். இதில் பணியாளர் தானே முடிவெடுக்க வேண்டாம், தொலைபேசியில் கேட்கட்டும். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்தவும் சொல்லக் கூடாது.

ரிட்டோனாவிர் சேர்ந்த இரண்டாம் வரிசை மருந்து (முதல் வரிசை பலன் தராதபோது கொடுப்பது) எடுப்பவர் என்றால் பட்டியல் இன்னும் நீளும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாடினும் ஒற்றைத் தலைவலிக்கான எர்கோடமினும் கூடவே கூடாது. ஆஸ்துமாவுக்கான ஃபுளூட்டிகசோன் உறிஞ்சு மருந்துகூட ஸ்டீராய்டு அதிகமாகும் நிலைக்குக் கொண்டுபோகும்.

குழந்தைகளுக்கான அளவை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

வயதை மறந்துவிட்டு எடையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். 4 வாரம் நிறைந்து, 3 கிலோவுக்குக் குறையாத குழந்தைக்குத் தண்ணீரில் கரையும் டோலுடெக்ராவிர் 10 மி.கி. மாத்திரை, தினம் ஒரு வேளை:

3 முதல் 5.9 கிலோ வரை அரை மாத்திரை.
6 முதல் 9.9 கிலோ வரை ஒன்றரை.
10 முதல் 13.9 கிலோ வரை இரண்டு.
14 முதல் 19.9 கிலோ வரை இரண்டரை.
20 கிலோவும் அதற்கு மேலும் என்றால் கரையும் மாத்திரை இல்லை, 50 மி.கி. பூச்சு மாத்திரை ஒன்று.

இதோடு, எடைக்கேற்ற அளவில் அபாகாவிர்–லாமிவுடின் மாத்திரையும் சேரும். ஆக ஒரு குழந்தைக்கு இரண்டு டப்பா. இரண்டையும் அம்மாவின் கையில் கொடுத்து, "இன்று இரவு எதிலிருந்து எத்தனை போடுவீர்கள்?" என்று செய்துகாட்டச் சொல்லாமல் அனுப்பக் கூடாது.

பயிற்சிக்கு வந்தவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: 50 மி.கி. மாத்திரை தீர்ந்துவிட்டால் 10 மி.கி. கரையும் மாத்திரையை ஐந்தாகக் கொடுத்தால் கணக்கு சரிதானே? சரியில்லை. கரையும் மாத்திரை உடலில் அதிகமாகச் சேரும். அதில் 30 மி.கி. என்பது பூச்சு மாத்திரையின் 50 மி.கி.க்கு ஏறத்தாழ இணை. ஐந்து கொடுத்தால் அளவு மீறிவிடும். பூச்சு மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சிறு குழந்தைக்குக் கொடுப்பதும் அதே போலத் தவறு. ஒன்றுக்குப் பதில் மற்றது என்ற யோசனை வரும்போதே தொலைபேசியை எடுக்க வேண்டும்.

கரைக்கும் முறையைத் தண்ணீரும் கிண்ணமும் வைத்துச் செய்ய வையுங்கள். சுத்தமான தண்ணீர் 5 முதல் 10 மி.லி., மாத்திரை முழுதாகக் கரையும்வரை கலக்குவது, கரைந்ததும் 30 நிமிடத்துக்குள் கொடுத்து முடிப்பது. பிறகு கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி அதையும் கொடுக்க வேண்டும். அடியில் ஒட்டியிருப்பதும் மருந்துதான், பலர் இந்த இரண்டாம் தண்ணீரை விட்டுவிடுகிறார்கள். அரை மாத்திரை கணக்கில் மீதமாகும் பாதியை அதே டப்பாவில் போட்டு, மறுநாள் முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

எடைத் தராசைச் சரிபார்ப்பதும் பாடத்தில் வர வேண்டும். எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துப் பாருங்கள். 9.7 கிலோ குழந்தைக்கு மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுத்தனுப்பினால், ஓரிரு மாதத்தில் 10 கிலோவைத் தாண்டிய பிறகும் பழைய அளவே போய்க்கொண்டிருக்கும். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குழந்தையை ஒரு மாதத்தில் எடை பார்க்க வரச் சொல்ல வேண்டும்.

லோபினாவிர்–ரிட்டோனாவிர் மாத்திரை எடுக்கும் குழந்தைகள் சிலர் இன்னும் இருப்பார்கள். அந்த மாத்திரையைப் பொடித்தால் உடலில் சேரும் அளவு பாதியாகக் குறைந்துவிடும், முழுதாகத்தான் விழுங்க வேண்டும்.

பிறந்த குழந்தைக்கான நெவிரபின் சிரப்பில் கவனிக்க வேண்டியது?

தாயிடமிருந்து தொற்று வராமல் தடுக்கக் கொடுக்கும் இந்தச் சிரப்பில், புள்ளி இடம் மாறுவதுதான் ஆபத்து. சிரப்பில் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. இருக்கும். பிறந்தபோது 2.5 கிலோவும் அதற்கு மேலும் இருந்த குழந்தைக்குத் தினம் 15 மி.கி., அதாவது 1.5 மி.லி. 2 கிலோவிலிருந்து 2.5 கிலோவுக்குள் இருந்தால் 1 மி.லி. "15" என்று மட்டும் அட்டையில் எழுதினால் 15 மி.லி. என்று படிக்கப்பட்டு, அளவு பத்து மடங்காகும். மி.லி. என்ற அலகோடு "ஒன்றரை" என்று எழுத்திலும் எழுத வேண்டும்.

கரண்டி வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சில், 1.5 குறி உள்ள இடத்தில் அழியாத மையால் கோடு போட்டுக் கொடுங்கள். வழக்கமான காலம் 6 வாரம். தாய்க்கு வைரஸ் அளவு அதிகமாக இருந்தாலோ, தாய் மருந்து எடுக்காமல் இருந்திருந்தாலோ கூடுதல் மருந்தும் கூடுதல் காலமும் தேவைப்படும். அந்த முடிவு மேலிடத்தில் எடுக்கப்பட வேண்டியது.

கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்களுக்கு டோலுடெக்ராவிர் கூடாது என்று பழைய கையேட்டில் இருக்கிறதே?

கையேட்டை மாற்றுங்கள். 2018-ல் போட்ஸ்வானாவில் நடந்த கண்காணிப்பில், கருத்தரிக்கும் நேரத்தில் இந்த மருந்து எடுத்த பெண்களின் குழந்தைகளிடம் நரம்புக் குழாய்க் குறைபாடு (மூளையோ முதுகுத் தண்டோ சரியாக உருவாகாத பிறவிக் குறை) சற்று அதிகமாகத் தெரிந்தது. அப்போது எச்சரிக்கை வந்தது. அதே கண்காணிப்பில் பிரசவங்களின் எண்ணிக்கை கூடக் கூட வித்தியாசம் சுருங்கிப் போனது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகள் உட்பட எல்லாருக்கும் இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. பழைய அச்சுப் பிரதிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால் இந்தக் கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் வருகிறது.

ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன சொல்ல வேண்டும்?

நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்குள் இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுக்க வேண்டும். ஈடுகட்ட இரண்டாக எடுக்கக் கூடாது. விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொரு மாத்திரை. சிறு குழந்தைக்கு அந்த இடைவெளி அரை மணி நேரம்.

மாத்திரையை எண்ணிப் பார்ப்பது போதுமா?

போதாது, ஆனால் எண்ணாமலும் இருக்க முடியாது. 90 மாத்திரை வாங்கியவர் 84-ஆம் நாள் வருகிறார். 6 மீதமிருக்க வேண்டும், 15 இருக்கிறது. எடுத்தது 75. 75-ஐ 84-ஆல் வகுத்தால் 89 சதவீதம். பல திட்டங்கள் 95 சதவீதத்தை எல்லையாக வைக்கின்றன, ஆகவே பேச வேண்டியவர் இவர். கணக்கு வரவில்லையே என்று திட்டினால் அடுத்த தடவை மிச்சத்தைக் கொட்டிவிட்டு வருவார். 6 மீதமிருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லையென்றால் அதையும் கேளுங்கள். மருந்து தொலைந்திருக்கலாம், வீட்டில் இன்னொருவரும் எடுத்திருக்கலாம்.

உண்மையான சான்று வைரஸ் அளவுப் பரிசோதனை. தொடங்கி 6 மாதத்தில், 12 மாதத்தில், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. ஒரு மி.லி. ரத்தத்தில் 1000 வைரஸ் பிரதிகளுக்கு மேல் வந்தால், டோலுடெக்ராவிர் எடுப்பவரிடம் உடனே மருந்தை மாற்றப் போக வேண்டாம். எங்கே தடங்கல் என்று பேசி, 3 மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்று பரவாது. மருந்தை விடாமல் எடுக்க இதைவிட நல்ல காரணம் சொல்ல முடியாது, ஆனாலும் சொல்லத் தயங்கும் பணியாளர்கள் நிறைய. நோயாளியிடம் சொல்வதை வகுப்பிலேயே நடித்துப் பழக்குங்கள்.

எந்தப் பக்க விளைவுக்கு மருந்தை நிறுத்த வேண்டும்?

இலேசான குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு ஆகியவை சில வாரத்தில் தணியும், மருந்து தொடரட்டும். எடை கூடுவதைப் பதிந்துகொண்டு அடுத்த வருகையில் பேசலாம். தடிப்போடு காய்ச்சல், வாயிலோ கண்ணிலோ புண், கொப்புளம், கண் மஞ்சளாதல், மூச்சுத் திணறல் இருந்தால் அன்றே அனுப்ப வேண்டும். புதிதாக கோட்ரைமாக்சசோல் (தொற்றுகளைத் தடுக்கும் ஆன்டிபயாடிக்) தொடங்கியவர் என்றால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான்.

அபாகாவிருக்குத் தனிப் பாடம் வேண்டும். தொடங்கி முதல் 6 வாரத்தில் காய்ச்சல், தடிப்பு, வாந்தி, இருமல், மூச்சுத் தொல்லை என்று ஒன்றோடொன்று சேர்ந்து வந்து, ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் மோசமானால் அது அதிஒவ்வாமையாக இருக்கலாம். அப்படி நிறுத்திய மருந்தை "சரியாகிவிட்டதே" என்று மறுபடி ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். அட்டையின் முகப்பில் சிவப்பில் எழுத வேண்டிய ஒரே செய்தி இதுதான்.

கிரியாட்டினின் சாதாரணமாக இருந்தால் டெனோஃபோவிர் கொடுக்கலாமா?

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; ரத்தத்தில் அதன் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 60 வயது, 45 கிலோ பெண், கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 1.1 மி.கி. பார்க்க ஒன்றுமில்லை. சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் காக்கிராஃப்ட்–கால்ட் கணக்கைப் போடுங்கள்: 140-லிருந்து வயதைக் கழித்தால் 80. அதை எடை 45-ஆல் பெருக்கினால் 3600. இதை 72 பெருக்கல் 1.1, அதாவது 79.2-ஆல் வகுத்தால் 45.5. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க, நிமிடத்துக்கு சுமார் 39 மி.லி. 50-க்குக் கீழே, அதனால் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வயதான, ஒல்லியான நோயாளிகளிடம்தான் இது அடிக்கடி வரும். கணக்கை ஒவ்வொருவரும் காகிதத்தில் குறைந்தது மூன்று முறை போட்டுப் பழகட்டும்.

மறுபக்கம், டோலுடெக்ராவிர் தொடங்கிய சில வாரத்தில் கிரியாட்டினின் இலேசாக ஏறும். சிறுநீரகம் கெடாமலே அது வெளியேறுவது குறைவதால் வரும் ஏற்றம் இது. அப்படியே நிலையாக நின்றால் பயமில்லை, ஏறிக்கொண்டே போனால் கேட்க வேண்டும்.

மருந்தை எங்கே வைப்பது?

30 டிகிரிக்குக் கீழே, வெயில் படாமல், தரையைத் தொடாமல். அலமாரியில் வெப்பமானி தொங்கட்டும், தினம் பிற்பகலில் ஒரு முறை எழுதினால் போதும். டோலுடெக்ராவிர் ஈரத்தைத் தாங்காது. ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூல டப்பாவிலேயே இருக்க வேண்டும். காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பது கூடவே கூடாது. வீட்டுக்கு எடுத்துப் போகும் டப்பா அடையாளம் காட்டிவிடும் என்று பயப்படுபவருக்கு, மூடி இறுக்கமான வேறு சிறு டப்பாவில் ஒரு வாரத்துக்கு மட்டும் பிரித்து வைக்கச் சொல்லலாம். அல்லது மேல் சீட்டை உரித்துவிட்டு, பெயரில்லாமல் எடுக்கும் முறையை மட்டும் எழுதி ஒட்டலாம்.

மருந்து தீர்ந்து போகாமல் எப்படிக் கணக்கு வைப்பது?

கடந்த மூன்று மாத வழங்கலின் சராசரியை எடுங்கள், தீர்ந்து போன நாட்களைக் கழித்துவிட்டு. மாதம் 40 டப்பா போகிறது, அதிகபட்ச இருப்பு 3 மாதத்துக்கு என்றால் 120. கையில் 55 இருந்தால் கேட்க வேண்டியது 65. புதிதாகச் சேர்ந்தவர்கள், மூன்று மாத மருந்துக்கு மாறியவர்கள் இருந்தால் சராசரி பொய் சொல்லும், அவர்களைத் தனியாகக் கூட்டுங்கள். அலமாரியில் காலாவதி முன்னால் வருவது முன்வரிசையில்.

இருப்பு குறைந்தால் எல்லாருக்கும் இரண்டு வாரமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு அன்றே மேலே சொல்லுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கச் சொல்வதும், மூன்றில் இருக்கும் இரண்டு மருந்தை மட்டும் கொடுத்தனுப்புவதும் வைரஸுக்கு எதிர்ப்புத்திறனை நாமே வளர்த்துக் கொடுப்பதாகும். டி.எல்.டி. இல்லாமல் டெனோஃபோவிர்–லாமிவுடின் மாத்திரையும் டோலுடெக்ராவிர் 50 மாத்திரையும் தனித்தனியாக இருந்தால், இரண்டும் சேர்ந்தால் அதே மருந்துதான்.

பணியாளருக்கு ஊசி குத்திவிட்டால்?

சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்குவது, ப்ளீச் ஊற்றுவது வேண்டாம். தடுப்பு மருந்தின் முதல் வேளை கூடிய சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள், பிறகு மொத்தம் 28 நாள். தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 1000-க்கு 3. தொடக்க மருந்து கிராம நிலையத்திலேயே இருக்க வேண்டும், மாவட்டத் தலைநகரில் இருந்து பயனில்லை.

பயிற்சி பலன் தந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

எழுத்துத் தேர்வு மதிப்பெண் அதிகம் சொல்லாது. ஐந்து நோயாளி அட்டைகளைத் தயாரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிழையை ஒளித்து வையுங்கள்: ரிஃபாம்பிசின் இருக்கிறது, இரவு டோலுடெக்ராவிர் இல்லை; 10.4 கிலோ குழந்தைக்கு ஒன்றரை மாத்திரை; மெட்ஃபார்மின் 2000 மி.கி.; டி.எல்.ஈ., டி.எல்.டி. இரண்டும் ஒரே நாளில் வழங்கப்பட்டது; 1.5 மி.லி.க்குப் பதில் 15. இந்த ஐந்தில் ஒன்றைத் தவறவிட்டாலும் தேர்ச்சி இல்லை, மறுநாள் வேறு அட்டைகளோடு மறுபடி. மற்ற பாடங்களில் 80 சதவீதம் போதும்.

வகுப்புக்குப் பிறகு முதல் மாதத்தில் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேற்பார்வையாளர் நேரில் போய், பதிவேட்டில் கடைசிப் பத்து வழங்கல்களை நோயாளி அட்டைகளோடு ஒப்பிட வேண்டும். தவறு கிடைத்தால் யார் செய்தது என்பதைவிட எந்தக் கட்டத்தில் நடந்தது என்று எழுதுங்கள். தண்டனை வரும் என்று தெரிந்தால் பதிவேடு திருத்தப்பட்டே உங்கள் கைக்கு வரும்.

மருந்தை விட்டுவிட்டு மாதக்கணக்கில் கழித்து வருபவரை என்ன செய்வது?

முதலில் உட்கார வைத்து, வந்ததற்கு நன்றி சொல்லுங்கள். பிறகு நான்கு காசநோய் அறிகுறிகள், தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பம் கேளுங்கள். தலைவலி விடாமல் இருந்தால் அன்று மருந்தைத் தொடங்கக் கூடாது. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளை உறைக் காய்ச்சலில் ஏ.ஆர்.டி.யை 4 முதல் 6 வாரம் தள்ளித்தான் தொடங்குவார்கள். இல்லையென்றால் சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு, அன்றே மருந்தை மறுபடி கொடுக்கலாம். கல்லீரல் அழற்சி பி வைரஸும் உள்ளவரா என்று அட்டையில் பாருங்கள். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்கி வைப்பவை, திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கிளம்பும். கண் மஞ்சளாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது என்று கேளுங்கள். மஞ்சள் இருந்தால் மருந்து கொடுக்கும் முன் தொலைபேசி.